புயல்தோளனின் கணுக்கால்

எக்ஸ்ரே அக்காவுக்கு மனித முகம் வரைய வராது. முப்பத்தோரு ஓவியர்கள் இருக்கும் ஒரு குழுவை நடத்துகிறவருக்கு இது கொஞ்சம் சங்கடமான குறைதான். ஆனால் அவர் அதை ஒருநாளும் மறைத்ததில்லை. "நான் வரையறவ இல்லப்பா, வரிசைல நிக்க வைக்கறவ" என்பார்.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையிலும் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு அதே வேலைதான். டோக்கன் கூப்பிடுவார், சங்கிலியைக் கழற்றச் சொல்வார், மூச்சைப் பிடிக்கச் சொல்வார். படம் பார்க்கும் ஆசையில்தான் கைப்பேசியில் ஓர் ஓவியர் குழுவில் சேர்ந்தார். அங்கே படத்தைவிடச் சண்டை அதிகம். உன் ராட்சசனுக்குக் கழுத்தே இல்லை, உன் இளவரசிக்கு ஆறு விரல் என்று ஆளாளுக்கு ஒரு குறை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அடுத்தவங்க உருவாக்குன ஆள நீங்க ஒரு தடவ வரைஞ்சு பாருங்க, அப்ப தெரியும்" என்று எழுதிவிட்டார். எரிச்சலில் எழுதியதுதான். மறுநாள் காலைக்குள் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். யார் நடத்துவது என்றதும் எல்லோரும் அவரையே கை காட்டினார்கள்.

அப்படித் தொடங்கியதுதான் 'மாத்தி வரை'. அவரவர் கற்பனையில் பிறந்த ஒரு பாத்திரத்தைக் கொடுக்க வேண்டும். குலுக்கிப் போட்டு, யாருக்கு யாருடையது விழுகிறதோ அதை ஆறு வாரத்தில் தன் பாணியில் வரைய வேண்டும். அப்படியே நகலெடுக்கக் கூடாது, தேதி தவறக் கூடாது, வந்த படத்தைப் பார்த்து அழக் கூடாது. இப்படித்தான் ஒருவருடைய நெருப்பைக் கக்கும் டிராகன் இன்னொருவர் கையில் துணி தேய்க்கும் கடை வைத்தது. கடற்கன்னி ஒருத்தி சைக்கிள் பழகினாள். உரிமையாளர்கள் திகைத்துப் போனாலும் அடுத்த சுற்றுக்கும் வந்து நின்றார்கள்.

இடிமுழக்கம் ஒருவர்தான் விதிவிலக்கு. அது அவர் குழுவில் வைத்துக்கொண்ட பெயர். அவருடைய பாத்திரம் புயல்தோளன் என்ற ஏழடி வீரன். அவனைப் பற்றி அவர் அனுப்பிய குறிப்பு மட்டும் பதினோரு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். போர்வையில் பதினான்கு மடிப்பு; பதிமூன்று போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். போன சுற்றில் ஒரு பெண் அவன் சிரிப்பதுபோல வரைந்துவிட்டாள் என்று நாற்பது வரியில் புகார் எழுதினார். "புயல்தோளன் கல்நெஞ்சன். அவன் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை" என்று முடித்திருந்தார். எந்தச் சரித்திரம் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

இந்தச் சுற்றில் புயல்தோளன் விழுந்தது தூரிகை என்ற உறுப்பினருக்கு. கெடு முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மதியம், தூரிகையிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, பல் வலி. என்னால முடியல. மன்னிச்சிடுங்க."

"எந்தப் பல்லு?" என்று அக்கா கேட்டார். தொழில் பழக்கம்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "எல்லாப் பல்லும்."

அக்கா வேறு மூன்று பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார். இடிமுழக்கம் என்ற பெயரைக் கேட்டதுமே மூவருக்கும் ஊருக்குப் போகிற வேலை வந்துவிட்டது. ஒருவருக்குப் படம் இல்லாமல் போனால் சுற்றே நின்றுவிடும். வேறு வழியில்லை, தானே வரைவதென்று மேசையைத் துடைத்தார்.

மேசையின் மறுபக்கம் பூகோள வாத்தியாரான கணவர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"நீயா வரையப் போற? போன வருஷம் ஏதோ பூசணிக்காய் வரைஞ்சியே, அது நல்லாத்தான் இருந்துச்சு."

"அது நீங்க."

வாத்தியார் மறுபடி தாளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அக்கா பதினோரு படங்களையும் மேசையில் பரப்பினார். மூக்கு வராது, போர்வை மடிப்பு வராது. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று எழுந்து பீரோவிலிருந்து ஒரு கறுப்பு அட்டையையும் வெள்ளைப் பென்சிலையும் எடுத்து வந்தார். மனிதர்களின் வெளிப்புறம்தானே அவருக்கு வராது? உட்புறம் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

சாயங்காலத்துக்குள் புயல்தோளனின் எக்ஸ்ரே தயாராகிவிட்டது. இரும்புத் தலைக்கவசத்தைச் சுமந்து சுமந்து தேய்ந்த கழுத்தெலும்பு. வயிற்றில் சின்ன வயதில் விழுங்கிய நாணயம். கல்நெஞ்சன் என்று குறிப்பு சொன்னதால் கல்லும் உண்டு. ஆனால் அனுபவத்தில் அக்கா அதைப் பித்தப்பையில் வைத்தார். கடைசியாக, வலது கணுக்காலில் கோணலாகக் கூடிய ஒரு பழைய முறிவு.

திங்கட்கிழமை எல்லாப் படங்களும் ஒன்றாக வெளியாயின. குழு முழுக்க அந்தப் பித்தப்பைக் கல்லையே பேசிச் சிரித்தது. இடிமுழக்கத்திடமிருந்து மட்டும் செவ்வாய் வரை ஒரு வரிகூட வரவில்லை. எண்பது வரியாவது எழுதிக்கொண்டிருப்பார் என்று அக்கா நிமிடத்துக்கொரு தடவை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சிறிய மனிதர் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றார். தொளதொளவென்ற சட்டை, கையில் சுருட்டிய காகிதம்.

"டோக்கன் குடுங்க. சங்கிலி, மோதிரம் இருந்தா கழட்டிடுங்க" என்றார் அக்கா.

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க, மெஷின் ஓடுது."

"நான்தான் இடிமுழக்கம்."

குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் மூன்றாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடிக் கடையில் கண் பார்வை சோதிக்கிறவராம்; குழுவில் விசாரித்து ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்து வந்தாராம். அக்கா அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். சண்டை என்றால் உட்கார்ந்தே நடக்கட்டும் என்று எண்ணம்.

அவர் காகிதத்தை விரித்தார். புயல்தோளனின் எக்ஸ்ரே. "இந்தக் கணுக்கால் விஷயம் உங்ககிட்ட யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நீங்க அனுப்புன பதினோரு படத்துலயும் அவன் இடது கால்லதான் நிக்கறான். வலது குதிகால் ஒண்ணுலகூடத் தரைல படல. பழைய அடி ஏதோ இருக்கும்னு போட்டேன். பிடிக்கலன்னா அழிச்சிடறேன்."

அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

"ஒம்பது வயசுல பாலத்துச் சுவர்லேர்ந்து குதிச்சேன். வீட்ல தெரிஞ்சா அடி விழும்னு யார்கிட்டயும் சொல்லல. அதுவா கூடிடுச்சு. பன்னெண்டு வருஷமா இவன வரையறேன், இவன நடக்க விட்டதே இல்ல. நிப்பான், இல்லன்னா குதிரைல இருப்பான். உங்க படத்தப் பாக்கற வரைக்கும் எனக்கே அது தெரியாது."

ஆறுதல் சொல்லவும் அக்காவுக்கு வராது. "கடைசியா எப்ப எக்ஸ்ரே எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"எடுத்ததே இல்ல."

"எலும்பு டாக்டர் மூணாம் நம்பர் ரூம்ல இருக்கார். போய்ச் சீட்டு வாங்கிட்டு வாங்க. சீட்டு இல்லாம எடுக்க எனக்கு அனுமதி இல்ல."

அவர் சீட்டோடு திரும்பி வந்து, டோக்கன் நாற்பத்தேழு வரும்வரை பெஞ்சில் காத்திருந்தார். படம் எடுத்துத் திரையில் பார்த்தபோது முறிவு அங்கேதான் இருந்தது.

"ஒரு அங்குலம் மேல போட்டுட்டேன்" என்று அக்கா வருத்தப்பட்டார்.

"அவன் ஏழடி இல்லையா, அளவு சரிதான்" என்றார் அவர். நாற்பது வரிப் புகார் எழுதியவர் வாயிலிருந்து அந்தச் சமாதானம் வந்தது அக்காவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எலும்பு டாக்டர் இனிமேல் ஆபரேஷன் எதற்கு என்று சொல்லி, செருப்புக்குள் வைக்க ஒரு மெத்தை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து இடிமுழக்கம் குழுவில் ஒரு படம் போட்டார். புயல்தோளன் தெருவில் நடந்து போகிறான். நடப்பதை வரைந்து பழக்கமில்லாத கை என்பதால் இரண்டு காலுமே இடது காலாக விழுந்துவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இப்பத்தான் பழகறான். கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும் அவர் எழுதினார்.

அக்கா பாடுதான் திண்டாட்டம். ஆளாளுக்குத் தங்கள் பாத்திரத்துக்கு எக்ஸ்ரே வேண்டுமென்று வரிசையில் நின்றார்கள். பேய்க்கு எலும்பு உண்டா, கடற்கன்னிக்கு முழங்கால் எங்கே என்ற கேள்விகளுக்கெல்லாம் வாத்தியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் கண்டுபிடித்தார். ஞாயிறுதோறும் மூன்று டோக்கன் என்று கணக்கு வைத்தார். டிராகன்காரி மட்டும் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அவள் அனுப்பிய குறிப்பில் டிராகனின் வயிற்றில் நான்கு முட்டைகள் என்று இருந்தது.

"கர்ப்பமா இருந்தா எடுக்க மாட்டோம்மா."

"அக்கா, இது வெறும் படம்தானே?"

"எதுவா இருந்தா என்ன, விதி விதிதான். முட்டை பொரிஞ்சதும் வா" என்று சொல்லி அக்கா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.