ஐயாவின் பதினாலாயிரம் அடிகள்

காலை பதினொரு மணிக்குள் நமசிவாயம் ஒன்பதாயிரம் அடிகள் நடந்து முடித்திருந்தார். அந்த நேரம் அவர் வெள்ளவத்தையில் தன் வீட்டுச் சாய்கதிரையில் கால்களை நீட்டிக்கொண்டு கடலை வடை தின்றுகொண்டிருந்தார். நடந்தவள் பாக்கியலெட்சுமி.

பாக்கியம் அந்த ஆறுமாடித் தொடர்மாடியின் படிகளைக் கூட்டித் துடைப்பவள். நாற்பத்தேழு வயது. யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து பதினேழு வயதில் கொழும்புக்கு வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்டால், "மலை ஏற முடியாமத்தாங்க" என்பாள். இங்கே வந்து பார்த்தால் லிப்ட் மாதத்தில் பத்து நாள் வேலை செய்யாது. மட்டக்குளியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து, வாளியும் துடைப்பமுமாக ஆறு மாடியையும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறாள் என்று அவளே எண்ணியதில்லை. கடிகாரம் வந்த பிறகுதான் அது தெரிந்தது.

கடிகாரம் லண்டனிலிருந்து வந்தது. நமசிவாயத்துக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று களுபோவில ஆஸ்பத்திரி வைத்தியர் சொன்னதைக் கேட்டு மகள் யதுஷா அனுப்பியது. அவர் எத்தனை அடி நடக்கிறார், எங்கே நடக்கிறார் என்பதெல்லாம் லண்டனில் அவள் போனிலும் விழும். நமசிவாயம் முதல் நாள் மரைன் டிரைவில் கால் மைல் நடந்து ஐஸ்கிறீம் கடையோடு திரும்பினார். இரண்டாம் நாள் கடிகாரத்தை மேசை விசிறியில் கட்டிப் பார்த்தார். அது ஏமாறவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது வாசலில் பாக்கியம் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம், இதை ஒருக்கால் கையிலை கட்டிக்கொண்டு வேலை செய்யும் பாப்பம்."

பாக்கியத்துக்கு விஷயம் அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. சம்பளம் எதுவும் கேட்கவில்லை. ஐயாவின் மனைவி பத்மாவதி அம்மா கோயிலுக்குப் போகிற ஒரு மணி நேரம், அந்தச் சாய்கதிரையில் தான் இருந்து நாடகம் பார்க்க வேண்டும், ஐயா தேத்தண்ணி ஊற்றித் தரவேண்டும் என்றாள். சீனி ரெண்டு கரண்டி. நமசிவாயம் ஒத்துக்கொண்டார். கொதிதண்ணி போடவே தெரியாமல் அறுபத்திரண்டு வயது வரை வாழ்ந்த மனிதர் இரண்டு வாரத்தில் நல்ல சாயத் தேத்தண்ணி ஊற்றப் பழகிவிட்டார்.

லண்டனில் யதுஷாவுக்குப் பெருமையாம். பாக்கியத்துக்கு விளையாட்டு. மூன்றாம் மாடி மூலையில் தூசி கிடக்கிறது என்று ஐயா நிர்வாகக் குழுவில் முறையிட்டால், அன்று கடிகாரத்தைக் கழற்றி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிடுவாள். மாலையில் மகள் போன் எடுத்து, "என்னப்பா, இண்டைக்கு முழுக்கப் படுத்தே கிடந்தனீங்கள்?" என்று ஏசுவது படிக்கட்டு வரை கேட்கும்.

ஒருநாள் உண்மையிலேயே மறந்துபோய்க் கடிகாரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் யதுஷா கேட்டாள்: "அப்பா, விடிய அஞ்சு மணிக்கு மட்டக்குளியிலை உங்களுக்கு என்ன வேலை?"

நமசிவாயம் யோசிக்கவில்லை. "மீன் வாங்கப் போனனான் பிள்ளை. அங்கை நல்ல மீன் வரும்."

பக்கத்திலிருந்த பத்மாவதி அம்மா தலையைத் திருப்பினார். "வெள்ளிக்கிழமையிலையோ? அந்த மீன் எங்கையப்பா?"

அன்று நடந்ததை வாசலைத் துடைத்தபடி பாக்கியம் முழுதாகக் கேட்டாள். ஒரே இடத்தை இருபது நிமிடம் துடைத்தாள்.

ஓகஸ்டில் யதுஷா விடுமுறைக்கு வந்தாள். வந்த மறுநாளே போனில் ஒரு சுற்றுலாப் பக்கத்தைத் திறந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். சின்ன வெப்பமண்டலத் தீவு ஒன்றின் பசுங்காட்டுக்குள்ளே நடை, ஆறு, அருவி, பன்னிரண்டு கிலோமீற்றர். தீவு வேறெதுவும் இல்லை, நம்முடைய இலங்கைதான். இடம் கித்துல்கல.

"நீங்கள் நாளுக்குப் பதினாலாயிரம் நடக்கிற ஆள். உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு."

நமசிவாயத்தின் முகம் போன போக்கைப் பார்த்துப் பாக்கியம் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஆனால் அவர் விடவில்லை. பத்மாவதிக்கு முழங்கால் நோ, அவர் வரமாட்டார், சாப்பாட்டுப் பை தூக்க ஆள் வேண்டும், பாக்கியத்துக்கு அந்தப் பக்கம் பழக்கம் என்று சொல்லி அவளையும் வான் வண்டியில் ஏற்றிவிட்டார்.

களனி ஆற்றைத் தோணியில் கடந்தார்கள். தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. "இதே ஆறுதாங்க எங்க வீட்டுப் பக்கம் வர்றப்போ கறுத்துப் போயிருது" என்று பாக்கியம் யதுஷாவிடம் சொன்னாள். கரையில் வழிகாட்டிப் பையன் காத்திருந்தான், சிங்களம் மட்டும் பேசுபவன். பாக்கியம் ஐயாவின் சப்பாத்துக்கும் காலுறைக்கும் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டாள். அட்டை ஏறாதாம்.

காடு உடனே மூடிக்கொண்டது. மேலே வெயில் இருந்திருக்கலாம், கீழே பச்சை வெளிச்சம் மட்டும்தான். ஆளுயரப் பன்னச் செடிகள், மரங்களைச் சுற்றிக்கொண்டு தொடை பருமனில் கொடிகள், மிதித்தால் புதைகிற சருகு, எங்கும் தண்ணீர் சொட்டும் சத்தம். இரண்டாவது வளைவிலேயே நமசிவாயத்துக்கு மரங்களில் பெரிய ஆர்வம் வந்துவிட்டது.

"இந்த மரத்தை ஒருக்கால் வடிவாய்ப் பார் பிள்ளை. எப்பிடி நிக்குது."

பத்தடிக்கு ஒரு மரம் பார்த்தார். யதுஷாவும் பொறுமையாக நின்று பார்த்தாள். ஏழாவது மரத்தில் பாக்கியம் வாயைத் திறந்தாள். "ஐயா மரத்துக்காகத்தான் நிக்கிறாருங்க. இல்லாட்டி தெனமும் நடக்கிற நடைக்கு இந்நேரம் அருவிக்கே போயிருப்பாரு."

நமசிவாயம் அவளைப் பார்த்த பார்வையில் தேத்தண்ணி ஊற்றிய இரண்டு மாதமும் இருந்தது.

யதுஷா ஒரு தும்பியைப் படமெடுக்கப் போன நேரத்தில் அவர் கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கியத்தின் கையில் திணித்தார். "நான் இந்தக் கல்லிலை இருக்கிறன். நீர் இதோடை அருவிக்குப் போட்டு வாரும். பறவை பாக்கிறன் எண்டு சொல்லும்." பாக்கியம் கடிகாரத்தைக் கட்டி, சட்டைக் கையை அதன் மேல் இழுத்துவிட்டாள்.

ஏற்றம் செங்குத்தாக இருந்தது. வேரைப் பிடித்து ஏற வேண்டிய ஓரிடத்தில் மேலிருந்து யதுஷா கை நீட்டினாள். பாக்கியமும் கையை நீட்ட, சட்டைக் கை முழங்கை வரை சரிந்தது. கடிகாரம் இரண்டு பேருக்கும் நடுவில் மின்னியது.

யதுஷா பிடித்த கையை விடாமல் மேலே இழுத்தெடுத்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப மட்டக்குளியிலை மீன் வாங்கினது நீங்கள்தான், அக்கா?"

பாக்கியம் சட்டைக் கையை மறுபடி கீழே இழுத்தாள். "உங்களுக்கு அப்பவே தெரியுமாங்க?"

"முதல் கிழமையே தெரியும். ஒரு நாளைக்குப் பதினொரு தரம் ஆறு மாடி ஏறுற ஆளோ எங்கடை அப்பா? எவ்வளவு தூரம் போறார் எண்டு பாப்பம் எண்டு விட்டனான். லண்டனிலை எனக்கும் பொழுது போக வேணுமே."

அவள் ஏசவில்லை என்று கண்டதும் பாக்கியத்துக்கு உயிர் வந்தது. இருவரும் அந்த வேரின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். உண்மையில் அப்பா எவ்வளவு நடப்பார் என்று யதுஷா கேட்டாள்.

"ரெண்டு மாடி ஏறுவாருங்க. ஆனா ஏற முடியாதுன்னு இல்லீங்க. ஏறாட்டியும் காரியம் நடக்குதுன்னுதான் உக்காந்திருக்காரு." பாக்கியம் கொஞ்சம் யோசித்தாள். "தோணி அந்தப் பக்கம் போயிருச்சுன்னு சொல்லுவமாங்க?"

வழிகாட்டியைக் கூப்பிட்டு, "மல்லி, அபே மஹத்தயாட்ட கியன்ன எப்பா" என்று சிங்களத்தில் ஆரம்பித்தாள். தம்பி, நம்ம ஐயாவிடம் சொல்லிவிடாதே என்று தொடங்கிய அந்தப் பேச்சு முடியும்போது பையன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

நமசிவாயம் கல்லில் சுகமாகக் கண்ணயர்ந்திருந்தார். எழுப்பிச் சொன்னார்கள்: ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, தோணி மேல்துறைக்குப் போய்விட்டது, அருவியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால்தான் வீடு. வழிகாட்டி பலமாகத் தலையாட்டினான். யதுஷா குனிந்து, "அப்பா, உங்கடை கடிகாரம் கீழை விழுந்து கிடந்தது" என்று அவர் கையிலேயே கட்டிவிட்டாள். நமசிவாயம் பாக்கியத்தைப் பார்த்தார். பாக்கியம் ஒரு பன்னத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேர ஏற்றம் அவருக்கு இரண்டரை மணி நேரமானது. பாக்கியம் பின்னால் வந்தாள். முதலில் வைத்தியரை ஏசினார், பிறகு கடிகாரத்தை, பிறகு தீவை. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியபடி, "மூண்டாம் மாடி மூலையைப் பற்றி நான் இனிக் கதைக்கமாட்டன், பாக்கியம்" என்றார்.

"அதை எழுதித் தாங்கய்யா."

அவருடைய காது சிவந்து, கழுத்து நனைந்திருந்ததைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவர் தோளிலிருந்த பையையும் வாங்கி மாட்டிக்கொண்டாள். அவர் நின்ற இடமெல்லாம் அவளும் நின்றாள், உட்கார்ந்த இடமெல்லாம் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. மலையில் நினைத்த நேரம் உட்காருவது இதுதான் அவளுக்கு முதல் தடவை. சின்ன வயதில் தலையில் கொழுந்துச் சாக்கும் பின்னால் கங்காணியின் சத்தமுமாக ஏறியவள். மலையில் இத்தனை நிறப் பச்சை இருப்பதை அந்த வயதில் அவள் பார்க்கவே இல்லை. ஐயா களைத்து நின்ற ஓரிடத்தில், "இன்னும் கொஞ்சம் இருப்போமுங்க" என்று அவளே சொன்னாள்.

அருவியைக் கண்டதும் நமசிவாயம் கரைக்கல்லில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டு அரை மணி நேரம் இருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாயிரத்துச் சொச்சம். பிறகு இன்னொரு தரம் பார்த்தார்.

இறங்கியபோது தோணி பழைய துறையிலேயே கிடந்தது. அவர் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வான் வண்டியில் ஏறி, அவிசாவளை தாண்டும்போதுதான் இருட்டில் சொன்னார்: "உங்கள் மூண்டு பேரிலை அந்தப் பொடியன்தான் நல்லா நடிச்சவன்."

யதுஷா லண்டனுக்குத் திரும்புமுன் பாக்கியத்துக்கும் ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஐயாவின் கதை அதற்குள் தொடர்மாடி முழுக்கப் பரவியிருந்தது. ஒவ்வொரு தளத்திலும் ஏற்றம் இன்னும் கொஞ்சம் செங்குத்தாகியது. நாலாம் மாடிக்காரர்கள் ஐந்து பேர் தங்களையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்க, அவர் மறுக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். பாக்கியத்தைத் தேடி ஐந்தாம் மாடி வரை படியேறி வந்தார்.

"வாற ஞாயிறு வருவீர் தானே?"

"ஞாயித்துக்கெழமை நான் தூங்குவேங்க."

அவர் தனியாகவே கூட்டிப் போனார். திங்கட்கிழமை கால் இரண்டும் வீங்கிச் சாய்கதிரையில் கிடந்தார். பதினேழு அட்டைக் கடி. ஒவ்வொன்றையும் காட்டினார். பாக்கியம் வாசலில் நின்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, கதிரைக்கு அடியில் துடைத்தாள்.

"அடுத்த போயா லீவுக்கு எங்கை போகலாம் எண்டு கொஞ்சம் யோசிச்சுச் சொல்லும், பாக்கியம்."

"றோட்டைக் கடந்தா கடலுங்கய்யா" என்றாள் அவள். "சமதரையா இருக்கும்."