என் முன்பல்லுக்கு அவர்கள் முடிவுசெய்த நிறம்

மேல்வரிசை முன்பல் பாதியாக உடைந்தபோது, இனி நடக்கப்போவது முழுவதும் எனக்குத் தெரிந்திருந்தது. என் வாயில் செய்யாத வேலை இல்லை. ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் பல் டொக்டரின் கதிரையில் சாய்வது என் வழக்கம். நரம்பை எடுத்து, மிஞ்சியதைச் செதுக்கி, மேலே உறைபோல ஒரு பொய்ப்பல், கிரவுண், வைப்பார்கள். அது பக்கத்துப் பல்லைப்போல இருந்தால் போதும் எனக்கு. பக்கத்துப் பல் தேத்தண்ணீர் நிறம். அந்த நிறத்தோடுதான் என் முகம் இத்தனை காலம் என்னுடையதாக இருந்தது.

வோபர்ன் பகுதியில் இருந்த பல் டொக்டரை, ஊர் விட்டு வந்த எங்கள் ஆட்களில் ஒருவரின் மகன், “எங்கடை பிள்ளை” என்ற ஒரே தகுதிக்காக மனைவி பிடித்தாள். எங்கள் ஆட்கள் பல் டொக்டரிடம் தனியே போவதில்லை. அவளும் உள்ளே வந்து என் கால்மாட்டில் நின்றாள்.

கிரவுணின் நிறத்தைப் பல் ஈரமாக இருக்கும்போதே, வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டும். காய்ந்த பல் வெளிறித் தெரியும். எங்கடை பிள்ளை எல்லாம் செதுக்கி முடித்து, உதடுகளைக் கவ்வியால் இழுத்து, பற்களைக் காயவிட்டபின் நிறம் பார்க்கும் மாதிரிப் பற்களை எடுத்தான். அதையும் எனக்கல்ல, அவளுக்குக் காட்டினான்.

“உந்த வெள்ளையை வையுங்கோ தம்பி. மகளின்ர கலியாணம் வருது. வீடியோவிலை மஞ்சளாத் தெரிஞ்சால் சனம் என்ன சொல்லும்?”

“ஓம் அன்ரி, வெடிங்குக்கு எல்லாரும் உதுதான் கேக்கினம்.”

வாய் கவ்வியில் இருந்ததால், வேண்டாமென்று நான் இரண்டு கையையும் ஆட்டினேன்.

“அங்கிளுக்கு நோகுது போல” என்று இன்னொரு ஊசி போட்டான். கிரவுண் வரும்வரைக்கு ஒரு தற்காலிகப் பிளாஸ்ரிக் பல்லை ஒட்டி அனுப்பினான்.

கலியாணத்துக்கு முந்திய கிழமை கிரவுண் வந்தது. பொருத்திக் கண்ணாடியைத் தந்தான். பழைய வீட்டுக்குப் புது ஜன்னல் போட்டதுபோல ஒரு பல் மட்டும் பளபளத்தது. நானே கழற்றி அவன் கையில் வைத்தேன்.

“ஒட்டவேண்டாம். திருப்பி அனுப்பும். இந்த முறை பல்லை நனைச்சுப்போட்டு நிறத்தைப் பாரும்.”

“அங்கிள், ஒட்டினாப் பழகிடும். அன்ரிக்கும் பிடிச்சிருக்கு.”

“அப்ப அன்ரியின்ர வாயிலை ஒட்டும்.”

அவன் முகம் சிவந்தது. திருப்பி அனுப்பினால் கலியாணத்துக்கு முன் வராது, அந்தப் பிளாஸ்ரிக் பல்லோடுதான் நிற்கவேண்டும், அது பந்தியிலும் கழரலாம் என்றான். கழரட்டும் என்றேன். பழைய பிளாஸ்ரிக்கை வேண்டுமென்றே அழுத்தி ஒட்டினான்.

மார்க்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் மனைவி சொன்னாள்: “சபையிலை வாயைத் திறந்து சிரிச்சுப்போடாதேங்கோ.”

“உன்ர சம்பந்தியைப் பார்த்து ஆருக்குச் சிரிப்பு வரும்?” என்றேன்.