காலையில் ஊற்றிய தண்ணீர்

"காலையில தண்ணி ஊத்துனீங்களாக்கா?" என்று கேட்டார் மெக்கானிக். ஏலப்பாறை ஏற்றத்தில் என் பழைய வேன் ஆவி கக்கி நின்றுவிட்டது. துருவேறிய வெந்நீர் வாசம் மூக்கில் ஏறியது.

"ஊத்துனேன்" என்றேன்.

அவர் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். "என்ஜின் கொதிக்குது, இது ஆறிக் கெடக்கு. தண்ணி நெறைய இருக்குக்கா, ஆனா ஓடல. தண்ணிய ரேடியேட்டருக்குத் தொறந்து விடுற வால்வு, தெர்மோஸ்டாட், தொறக்காம ஒட்டிக்கிருச்சு."

இதே வாசத்தில்தான் அப்பாவின் டிரைவர் வேலை போயிற்று. எஸ்டேட் வேனுக்கு அவர் தினமும் விடிந்ததும் தகர டின்னில் தண்ணீர் கொண்டுவந்து, வழிந்து கால் நனையும்வரை ஊற்றுவார். நான் பல் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகையில் என்ஜின் வெந்து நின்றது.

மேனேஜர் ஜீப்பில் வந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் நிறைய இருந்தது. "தண்ணி ஊத்தாம ஓட்டிட்டு, இப்ப ஓடையில மொண்டு ஊத்தி ஏமாத்துறியா?"

"காலையிலயே ஊத்துனேன் சார். எம் புள்ள பாத்துச்சு, கேளுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அவருடைய பூட்ஸைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாது" என்றேன். எட்டு வயது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எட்டு வயதுக்கும் கண் தெரியும்.

மறுநாள் அப்பா களை வெட்டப் போனார். சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மெக்கானிக் அந்தச் சின்ன வால்வைக் கழற்றிக் காட்டினார். நான் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருந்தார், சாட்சி கேட்கவில்லை.

அப்பாவுக்குச் சாட்சி இருந்தது. நான் இருந்தேன்.