முகத்துக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று

கொலுசுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. வலது காலில் தளர்ந்து கிடந்தது, இடது காலில் சதைக்குள் பதிந்திருந்தது. தொட்டால் கெண்டைக்கால் சுட்டது.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாடி ஏறி இறங்கிய களைப்பு என்றார் கணவர். கண் பட்டிருக்கும் என்று மாமியார் உப்பு சுற்றிப் போட்டார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. களைப்பு என்றால் இரண்டு காலும் அல்லவா வீங்க வேண்டும்?

நான் சுபாவத்திலேயே சந்தேகக்காரி. திருவெறும்பூரில் நான் பாடம் நடத்தும் பள்ளியில் எனக்கு சி.ஐ.டி. மிஸ் என்று பெயர். அப்படிப்பட்டவள் எங்கே கோட்டை விட்டேன் என்பதை, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

தினமும் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டியதில் இரண்டு கன்னங்களிலும் மங்கு (பழுப்பாகப் படரும் திட்டு) வந்திருந்தது. கிரகப்பிரவேசப் படங்களில் அது தெரியக்கூடாது என்று ஆசைப்பட்டேன். தில்லைநகரில் ஒரு தோல் மருத்துவர் டிரானெக்சாமிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெயரைப் பார்த்ததும் சுருக்கென்றது. மாத விலக்கில் அதிகமாக உதிரம் போனபோது என் தோழி சாப்பிட்ட மாத்திரை அது. ரத்தத்தை நிறுத்துகிற மருந்துக்கு முகத்தில் என்ன வேலை? விற்காத சரக்கை என் தலையில் கட்டுகிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை, குறைந்த அளவில் கொடுத்தால் தோலில் நிறமி (கருமை தரும் பொருள்) உண்டாவதையும் குறைக்கும் என்றார். வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்ததுண்டா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன், அன்று அது உண்மை. இது முடியும்வரை ஹார்மோன் மாத்திரை எதையும் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் ஜோசியர் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தார். அது என் மாத விலக்கு நாளில் வந்து விழுந்தது. ஹோமத்தில் கணவரோடு மனையில் உட்கார வேண்டியவள் நான். முசிறியிலிருந்து வந்த கணவரின் அக்கா, தள்ளிப்போடும் மாத்திரை அட்டை ஒன்றை என் கையில் வைத்தார். கல்யாணமோ காதுகுத்தோ, எங்கள் குடும்பத்துப் பெண்கள் மஞ்சள் குங்குமத்தோடு இதையும் வாங்கி வைத்துவிடுவார்கள். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டுக் கேட்பதில்லை. அதை ஒரு மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை, நானும் நினைக்காமல் விழுங்கினேன்.

வீங்கிய காலோடு மருத்துவமனைக்குப் போனபோது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பணியில் இருந்த டாக்டர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. டாப்ளர் ஸ்கேனில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் பரிசோதனை) ஆழ்சிரை ரத்த உறைவு என்று வந்தது, அதாவது காலின் உள்ளே ஓடும் ரத்தக்குழாயை ஒரு ரத்தக் கட்டி அடைத்திருந்தது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் டாக்டர் மறுபடியும் கேட்டார்.

“மாத்திரைன்னு நீங்க கணக்குல வைக்காத எதையாவது சாப்பிட்டீங்களா? முகத்துக்கு, முடிக்கு, தேதி தள்ளிப்போக?”

இரண்டையும் சொன்னேன். தள்ளிப்போடுவதும் ஹார்மோன்தான், அதுவும் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டலாம் என்றார்.

“இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா ரெண்டையும் சேர்த்திருக்கக் கூடாது.”

முதலில் ஊசி, பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. பாத்ரூம் போய்வந்து லேசாக மூச்சு வாங்கினாலும் கட்டி நகர்ந்துவிட்டதோ என்று நடுங்குவேன். நர்ஸ் தரும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர் கேட்டேன். அக்காவைத்தான் அதிகம் சந்தேகப்பட்டேன். எங்கள் வீடு எழும்பியது பொறுக்காமல் கொடுத்தாரோ என்றுகூட நினைத்தேன். அவர் தூக்குவாளியில் கொண்டுவந்த ரசம் சாதத்தைத் தொடவே இல்லை.

வீடு திரும்பிய பின் வந்த மாத விலக்கில் உதிரம் கொட்டித் தீர்த்தது. ரத்தத்தை உறையவிடாத மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. கொட்டுவதை நிறுத்தக்கூடிய மாத்திரையோ இனி எனக்கு ஆகாது. பயந்துபோய் மருந்தை நானே நிறுத்தப் பார்த்தேன். மகளிர் மருத்துவர் கண்டித்தார், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், காலுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் பேசி மருந்தை மாற்ற வைத்தார்.

என் தோழியை அந்த டிரானெக்சாமிக் அமிலம்தான் காப்பாற்றியது, அதைத் திட்ட நான் எழுதவில்லை. நான் ஒன்றைச் சந்தேகப்பட்டு, இன்னொன்றை அப்படியே விழுங்கினேன். வாயில் போடும் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அற்பமாகத் தோன்றுவதை முதலில் சொல்லுங்கள்.

மங்கு திரும்பி வந்துவிட்டது. காலில் வீக்கம் முழுதாக வடியவில்லை. தினமும் காலையில் இரண்டு கால்களையும் நீட்டி ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஆவணியில் அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். நாளைக் கேட்டதும் மனதுக்குள் விரல் மடக்கினேன். அவரும் மடக்கியிருப்பார் போலிருக்கிறது.

“அன்னிக்கு உனக்கு வந்தா வரட்டும் கவிதா. தாய்மாமன் சீர்த்தட்டை நீதான் எடுத்துட்டு வரணும். யார் என்ன கேட்டாலும் நான் பாத்துக்கறேன்.”

மனசாரச் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா என்று கல்யாணம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று மாத விலக்கு வந்தது. பட்டுப் புடவைக்குள், வீக்கத்துக்காக டாக்டர் போடச் சொன்ன இறுக்கமான காலுறையோடு தட்டைத் தூக்கினேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். அக்கா முன்னால் போய் மேளக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நாதஸ்வரம் நிதானமாக நகர்ந்தது. அதன் பின்னால் மொத்த ஊர்வலமும் என் இடது கால் நடக்கிற வேகத்தில் நடந்தது.