மொட்டை மாடியில் டர்பைன் ஓட்டிய ஹேமா

ஹேமா போய்விட்டாள்.

காலையில் அவள் கணவர் போன் செய்தார். "காபி கேட்டா... ரெண்டு வாய் குடிச்சா. போறும்னு டம்ளரைக் குடுத்துட்டு கண்ணை மூடிண்டா. அவ்ளோதான்" என்றார். அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது. நான்தான் அடையாறு சிக்னல் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன்.

இங்கே பலருக்கு அவளைத் தெரியாது. தேனாம்பேட்டையில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேஜை. மலை ஓடைகளில் சின்னச் சின்ன மின்நிலையங்கள் அமைக்க டிசைன் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ். கால்வாயும் குழாயும் என் பொறுப்பு. எந்த டர்பைன் வைப்பது என்பது அவள் பொறுப்பு.

தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, எவ்வளவு வருகிறது... இதை எல்லோரும் அளப்பார்கள். அளந்து முடித்ததும் ஹேமா அந்த ஊர்ப் பெண்களிடம் போய் நிற்பாள். சித்திரையில் இந்த ஓடையில் துணி அலச முடியுமா என்று கேட்பாள். அவர்கள் சிரிக்கிற சிரிப்பிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

அப்படித்தான் ஒரு மலை ஆஸ்பத்திரி ப்ராஜெக்ட் வந்தது. ஒரே ஒரு லேடி டாக்டர் நடத்தும் இடம். மேலே லைன் கரண்ட் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பிரான்சிஸ் என்ற வகை டர்பைன்தான் என்று எங்கள் மேலாளர் முடிவே செய்துவிட்டார். மோசமான மெஷின் இல்லை. ஓடை நிறைந்து ஓடும்போது அதைப் போல வேறு எதுவும் மின்சாரம் தராது. ஆனால் தண்ணீர் பாதிக்குக் கீழே போனால் உதற ஆரம்பித்துவிடும், நிறுத்தி வைக்க வேண்டியதுதான்.

கிராஸ்ஃப்ளோ என்ற வேறு வகை டர்பைன் வைக்கலாம் என்றாள் ஹேமா. தண்ணீர் நுழையும் வாயை ஒரு பங்கு சின்ன வாய், இரண்டு பங்கு பெரிய வாய் என்று பிரித்துவிடலாம். மழைக்காலத்தில் இரண்டையும் திறப்பது, கோடையில் சின்ன வாயை மட்டும் திறப்பது. உச்சத்தில் கொஞ்சம் குறைவாகத்தான் தரும், ஆனால் வருஷம் முழுக்க ஓடும்.

குறைவான மெஷினை எப்படி சிபாரிசு செய்வது என்றார் மேலாளர். நான்கு மீட்டிங் போல ஓடியது இந்த வாக்குவாதம்.

அந்த வாரம் தி.நகரில் புடவை எடுக்கப் போன நாங்கள் இரண்டு பேரும் பிவிசி குழாயும் சைக்கிள் டைனமோவும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்...

மேலாளருக்குக் காட்ட ஒரு குட்டி கிராஸ்ஃப்ளோ. குழாயை நீளவாக்கில் பிளந்து அதற்கு இறக்கைகள் ஆக்கினாள். மயிலாப்பூரில் அவள் ஃப்ளாட்டின் மொட்டை மாடியில், டேங்குக்கு மேலே ஒரு டிரம். கீழே டப்பாவுக்குள் சுழலும் சக்கரம், அதற்கும் கீழே ஒரு பெரிய டப். டப்பில் விழுந்த தண்ணீரை ஒரு சின்ன பம்ப் மறுபடி டிரம்முக்கு ஏற்றும்.

நல்ல வெயில் காலம். கட்டடமே லாரித் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. அசோசியேஷன் செக்ரட்டரி மாமா மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"ஏம்மா, லாரி ஜலத்துல விளையாடிண்டு இருக்கேளே... நன்னாருக்கா இது?"

"ஒரு சொட்டு வெளில போகல மாமா. அதே ஜலம்தான் சுத்திண்டு இருக்கு. சித்த இந்த வால்வைப் பிடிச்சுக்கோங்கோளேன்."

மாமா பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் விடவேயில்லை. மறுநாள் நாங்கள் போவதற்கு முன்பே மாடியில் நின்றுகொண்டிருந்தார்!

மேலாளரைக் கூட்டி வந்தபோதும் வால்வு மாமா கையில்தான். கொஞ்சம் கொஞ்சமாக மூடச் சொன்னாள் ஹேமா. டைனமோவில் மாட்டியிருந்த பல்பு மங்கியது... அப்புறம் பெரிய வாயை அடைத்தாள். மங்கின பல்பு திரும்பப் பளிச்சென்று எரியவில்லை, ஆனால் அணையவும் இல்லை.

மேலாளர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் நீயே பேசு, அவர் சரி என்றால் எனக்கும் சரி என்றார்.

அங்கிருந்தே ஸ்பீக்கரில் போட்டாள். மழையில் நிறைய கரண்ட் வேண்டுமா, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கரண்ட் போதுமா என்று கேட்டாள்.

"பிரசவம் மாசம் பாத்தாம்மா வருது?" என்றார் டாக்டர்.

அத்துடன் முடிந்தது.

மெஷின் போட்ட பிறகு, நல்ல சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தோம். ஓடை நூலாக வடிந்துகொண்டிருந்தது. சின்ன வாய் மட்டும் திறந்திருந்தது, டர்பைன் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஹேமா அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உதறல் இல்லை.

டாக்டர் பிரசவ அறையைக் காட்டினார். விளக்கு எரிந்தது. தடுப்பூசி ஃப்ரிட்ஜைக் காட்டினார். பிறகு தன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து, எலுமிச்சம்பழ ஜூஸில் ஐஸ் போட்டுக் கொடுத்தார்.

ஹேமா ஜூஸை ஒரே மடக்கில் குடித்தாள். ஐஸை வாயில் அடக்கிக்கொண்டு என் காதோரம் வந்து, "நம்ம ஐஸுடி இது" என்றாள்.

அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவள் கல்யாணத்துக்கும் போயிருக்கிறேன், அதனால் தெரிந்துதான் சொல்கிறேன்.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். ரொம்ப மெலிந்திருந்தாள். ஆனால் பேச்சு குறையவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

"இல்லடி. அசதியா இருக்கு, அவ்ளோதான். நீ சாப்ட்டுட்டுப் போ, மோர்க்குழம்பு இருக்கு."

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மலை மேலே டாக்டருக்கு இப்போதுதான் போன் செய்து சொன்னேன். எப்போது என்று கேட்டார். அப்புறம், வார்டில் ஒரு பெண் வலியில் இருக்கிறாள், நான் போகணும்மா என்று வைத்துவிட்டார்.

மாலை பெசன்ட் நகர் மின்மயானத்தில். ஆபீஸ் பழைய ஆட்கள் எல்லோரும் வருகிறோம்.

போய் வா ஹேமா... நன்றாக இருந்தாய்.