கக்கத்தில் ஒரு ஜெல்லி பாட்டில்

திருப்பாச்சூர் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தபோது, கையில் ஊசிக்குழாய் ஒட்டியபடியே இருந்தது. திருவள்ளூர் ஆஸ்பத்திரியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக நினைப்பு. திரும்பிப் பார்த்தால் கட்டடம் தெரிந்தது. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீடு நேர் எதிர்த் திசையில் இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது. கொரோனா வந்து போன பிறகு மறுபடி காய்ச்சல் கண்டு, கண் சிவந்து, இதயத் தசை வீங்கிவிட்டது. ஓடினால் இதயம் தாங்காது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். என்னிடம் ஓடாதே என்பதோடு சரி. ஒரே இடத்தில் கிடப்பது எனக்கு அப்போதே ஆகாது. அம்மா வெந்நீர் பிடிக்கப் போனதும் இறங்கி வந்துவிட்டேன்.

பின்னால் முகக்கவசம் போட்ட ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். நான் நின்றால் அவரும் நின்றார்.

“இன்னாக்கா, என் பின்னாலயே வந்துக்கினு கீறீங்க?”

“நானும் இந்தப் பக்கந்தான்பா போறேன். கால் வலிக்குது. கொஞ்சம் உக்காரலாமா?”

குரலை வைத்துத்தான் இதய டாக்டரம்மா என்று தெரிந்தது. தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். சின்ன உருவம். மதகுச் சுவரில் உட்கார்ந்தோம். என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. லாரிகளுக்குப் பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு தூரம்கூட நடக்க முடியாதவர் எப்படி வேலை பார்க்கிறாரோ என்று பாவமாக இருந்தது. ஆம்புலன்ஸ் ஒன்று தானாக வந்து நின்றது. அவருக்குத் துணையாகத்தான் ஏறினேன்.

வண்டிக்குள் டாக்டரம்மா சொன்னார்: “இதயத்தை ஸ்கேன் பண்ற எக்கோ எடுக்க நெஞ்சுல தடவுற ஜெல்லி சில்லுனு இருக்கு. குழந்தைங்க அலறுதுங்க. கக்கத்துல வெச்சு சூடு பண்ண ஒரு ஆள் வேணும். ஆடாம படுத்திருக்கணும். உன்னால முடியாது, விடு.”

“ஏன் முடியாது?” என்றேன்.

வளர்ந்த பிறகு அத்திப்பட்டிலும் காட்டுப்பள்ளியிலும் எத்தனையோ வேலைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவந்தவன் நான். அந்த ஒன்றை மட்டும் வீட்டுக்கு அனுப்பும் நாள்வரை பார்த்தேன்.

மறுநாள் காலை நாஷ்டா முடிந்ததும் வேலையில் சேர்ந்தேன். பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அந்தத் தொற்றுக் காலத்தில், ஒரு நோயாளியின் கக்கத்தில் இருந்த பாட்டிலை எந்தக் குழந்தையின் மேலும் தடவமாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த கட்டில் குழந்தை இன்று அழவே இல்லை என்று நர்ஸ் அக்கா வந்து சொன்னார். நான் பாட்டிலை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.