கருந்துளைக்கு ஒரு சலாம்

ரெங்கனிஸின் அப்பா இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஷேர் வேன் ஓட்டுகிறார். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "பிரபஞ்சம் வளைஞ்சிருக்கா, தட்டையான்னு பாக்குறா" என்பார். "வேலை கிடைக்குமா?" என்பது அடுத்த கேள்வி. அவளோடு ஒரே ஆய்வுக் குழுவில் இருக்கும் நான், என் வீட்டில் முதல் பட்டதாரி. அந்தக் கேள்வி எனக்கும் பழக்கம்தான்.

காபி ஏன் ஆறுகிறது? சூடு அறையெங்கும் பரவிய நிலைக்குத்தான் துகள்கள் அமைய அதிக வழிகள் உண்டு. பிரபஞ்சத்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும் அப்படி வழிகளை எண்ணினால்? தொலைநோக்கிகள் ஏறக்குறையத் தட்டை என்கின்றன. கணக்கும் அதையே சொல்கிறதா என்று பார்ப்பது ரெங்கனிஸின் ஆய்வு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் விடை வராவிட்டால் பேட்டரி ஆய்வுக்கு அவளை மாற்றிவிடுவேன் என்று பேராசிரியை இபு தார்சிஹ் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கரும்பலகையில் வளைந்த பிரபஞ்சமே வென்றது.

"கிண்ணம் பண்ணிட்டியே நெங்! பக்சோ சூப் ஊத்திக் குடிக்கலாம்" என்றார் சீனியர் விர்யா. இங்கே தங்கைக்கு 'நெங்', அண்ணனுக்கு 'காங்'.

"உங்க வாய்க்கு இந்தக் கிண்ணம் பத்தாது, காங்." ரெங்கனிஸ் பலகையை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். சட்டென்று திரும்பினாள். "இருங்க, சலாம் வைக்க மறந்துட்டேன்."

புதுச் சமன்பாட்டில் முதலில் ஒரு கருந்துளையைப் போட்டு, ஏற்கெனவே தெரிந்த வெப்பநிலை வருகிறதா என்று பார்ப்போம். எங்கள் குழுவில் அதற்குப் பெயர் சலாம். எல்லார் முன்னாலும் போட்டாள். வெப்பநிலை மைனஸில் வந்தது.

"அடடா! காலத்த எதிர்ப்பக்கம் திருப்பிட்டேன்!"

இந்தக் கணக்கில் காலத்தைக் கற்பனை எண்ணாக்கித் திருப்ப வேண்டும். பக்கம் மாறினால் விடை தலைகீழ். நானாக இருந்தால் சத்தமில்லாமல் அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பேனோ? அவள் தவற்றைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினாள். இம்முறை தட்டைக்கே வழிகள் மிக அதிகம்.

இபு தார்சிஹ் வறுத்த சோயா தெம்பேயை மென்றபடி கேட்டார்: "இது வழவழப்பான பிரபஞ்சம். நிஜத்துல மேடு பள்ளம் இருக்கே?"

"அதையும் எண்ணணும், இபு."

"யாரு எண்ணுறது?"

"நான்தான்."

"சரி. நீ வரலைன்னு பேட்டரிக்காரங்ககிட்ட சொல்லிடறேன்."

மாலை அவளுடைய அப்பாவின் வேனில் வீடு திரும்பினோம்.

"என்னம்மா, தட்டையா?"

"தட்டை மாதிரிதான் தெரியுது, அபா. இன்னும் மேடு பள்ளம் பாக்கணும்."

ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. "அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போறே?" என்றார் அவர்.